தொழிற்சாலையில் வீடு செய்ய வந்தவர்: ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர்

(சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர்)



சந்திப்பு மலருக்காக ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதலாம் என்று பார்த்தால், அவரைப் பற்றி வருஷா வருஷம் பொறியாளர் தினத்தன்று யாராவது பேசிவிடுகிறார்கள். பென்னிகுயிக் பற்றித் தேனிக்காரர்கள் நம்மைவிட நன்றாகவே எழுதுவார்கள். ஆகவே, நூலகத்தில் நாம் பலமுறை கையில் எடுத்தும் யார் என்று கேட்காமல் விட்டுவிட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். வெப்பமண்டல வீடுகளைப் பற்றிய அந்தப் பாடப்புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் நான்கு பேர் பெயர் இருக்கும். முதல் பெயர் கோனிக்ஸ்பெர்கர். கட்டடக்கலை படித்தவர்களுக்கு அது வேதப்புத்தகம். சிவில் ஆட்களான நமக்குப் பரீட்சைக்கு முந்தைய இரவு மட்டும் தேவைப்படும் புத்தகம்.

அந்த மனிதர் இந்தியாவில் 12 வருஷம் வேலை பார்த்தவர் என்பதும், நம் நாட்டின் முதல் வீட்டுத் தொழிற்சாலைக்குக் காரணமாக இருந்தவர் என்பதும், அது தோற்றுப்போன சூழ்நிலையில்தான் அவர் இந்தியாவை விட்டுப் போனார் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. திருமழிசையில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக அரை மணி நேரம் நின்று பாருங்கள். கார் கம்பெனிக்கு உதிரி பாகம் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நடுவே, முழுச் சுவரையோ படிக்கட்டையோ சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு ட்ரெய்லர் ஊர்ந்து போகும். நாங்கள் படிக்கும்போது பிரிகாஸ்ட் என்றால் காம்பவுண்டு சுவர்தான். இன்று ஆறு மாடிக் குடியிருப்பே யார்டில் வார்க்கப்பட்டு, லாரியில் வந்து, கிரேனில் ஏறி நிற்கிறது. அந்தச் சுவர்களில் தூக்குக் கொக்கி எங்கே வரவேண்டும், எத்தனை நாள் ஆன பிறகு தூக்கலாம், இரண்டு சுவர் சேரும் இடத்தில் எவ்வளவு கம்பி என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அதற்கான விதிகள் எல்லாம் இன்று புத்தகத்தில் இருக்கின்றன. அவை எதுவும் இல்லாத காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர் கோனிக்ஸ்பெர்கர்.

ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் பிறந்தது 1908 அக்டோபர் 13, பெர்லின் நகரில். யூதக் குடும்பம். தாய்மாமன் யார் தெரியுமா? பிற்பாடு 1954-ல் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் மாக்ஸ் போர்ன். பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஹான்ஸ் போல்ட்ஸிக் என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் படித்தார். படிப்பு முடிந்ததும் அரசுப் பொதுப்பணியில் சேர்ந்தார். 1933-ல், அங்கே இளம் கட்டடக் கலைஞர்களுக்குக் கொடுக்கப்படும் ஷிங்கெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்கு அரசு வேலை கிடையாது என்ற சட்டம் வந்தது. பரிசு வாங்கிய கை காய்வதற்குள் வேலை போயிற்று. வயது 25 கூட நிரம்பவில்லை.

எகிப்துக்குப் போனார். அங்கே பழைய கட்டடங்களைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்த லுட்விக் போர்ஷார்ட் என்ற ஜெர்மன் அறிஞரிடம் வேலை. நெஃபெர்டிட்டி ராணியின் சிலையைக் கண்டெடுத்த குழுவின் தலைவர் இவர்தான். அங்கிருந்தபடியே கோனிக்ஸ்பெர்கர் தன் டாக்டர் பட்ட ஆய்வை எழுதினார். தலைப்பைக் கேட்டால் சிரிப்பு வரும்: பழங்கால எகிப்தியக் கதவின் கட்டுமானம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கதவு என்பது வேறெங்கோ செய்து கொண்டுவந்து சுவரில் பொருத்தப்படும் பொருள். அளவு தப்பினால் மூடாது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் தச்சன் செய்ததும் கொத்தன் விட்ட இடைவெளியும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. பின்னாளில் சுவரையே அப்படிச் செய்யப்போகிறவருக்குப் பொருத்தமான ஆராய்ச்சி என்றுதான் எனக்குப் படுகிறது.

1935-36-ல் தாய்மாமன் போர்ன், சர் சி.வி. ராமன் அழைப்பில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் இருந்தார். அங்கே மைசூர் சமஸ்தானத்துத் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பழக்கம் ஏற்பட்டது. அந்தத் தொடர்பு வழியாகத்தான் மருமகனுக்கு வாய்ப்பு வந்தது. 1939-ல் கோனிக்ஸ்பெர்கர் மைசூர் சமஸ்தானத்தின் அரசுக் கட்டடக் கலைஞராகப் பெங்களூர் வந்து சேர்ந்தார்.

மிர்சா இஸ்மாயிலுக்கு அலங்காரம் பிடிக்கும். குவிமாடம், வளைவு, தூண் எல்லாம் வேண்டும். பெர்லினில் படித்து வந்தவருக்கோ தேவையில்லாத ஒரு செங்கல்கூட ஆகாது. இருவருக்கும் நடுவே பல கட்டடங்கள் எழுந்தன. பசவனகுடி கிருஷ்ணராவ் பூங்காவில் உள்ள மண்டபம் அவருடையது. இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறைக் கட்டடங்கள், உணவுக்கூடம் ஆகியவற்றையும் அவர் வடிவமைத்தார். நிழல், காற்றோட்டம், மழைச்சாரல், மேற்கு வெயில் என்று நம் ஊரில் மேஸ்திரிக்குத் தெரிந்த விஷயங்களை அவர் அளந்து, குறித்து, படமாகப் போட்டுப் பழகியது இங்கேதான்.

அதன்பின் டாட்டா நிறுவனத்துக்காக ஜாம்ஷெட்பூர் நகர வளர்ச்சித் திட்டம். 1948-ல் ஒரிசாவின் புதுத் தலைநகர் புவனேஸ்வருக்கு முதல் திட்டம். சண்டிகர் என்றால் லெ கொர்பூசியே என்று குழந்தைகூடச் சொல்லும், புவனேஸ்வருக்கு யார் என்று கேட்டால் நமக்கு விழி பிதுங்கும். புகழ் அப்படித்தான் அவருக்குக் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1947 பிரிவினை. 70 லட்சத்துக்கும் அதிகமான அகதிகள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். டெல்லியில் மட்டும் லட்சக்கணக்கில். புராணா கிலா கோட்டைக்குள் கூடாரம், கிங்ஸ்வே முகாமில் கூடாரம். ஒரு குளிர்காலம் போய் இன்னொரு குளிர்காலமும் கூடாரத்திலேயே என்றால் அது மனிதர்களுக்கு அடுக்குமா? செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, இரும்புக்குப் பர்மிட், போதாதற்குக் கொத்தனாரும் பற்றாக்குறை. 1948-ல் மத்திய அரசு கோனிக்ஸ்பெர்கரை வீட்டுவசதி இயக்குநராக நியமித்தது. அப்போது வீட்டுவசதி, ராஜ்குமாரி அம்ரித் கௌரின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருந்தது.

இப்படிப்பட்ட சூழ்நிலையில் தொழிற்சாலையில் வீடு செய்யலாம் என்று ஒருவர் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? உலகமே அன்று அந்த மோகத்தில்தான் இருந்தது. இங்கிலாந்தில் 1944 சட்டத்தின்படி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து இறக்கினார்கள். போரில் விமானம் செய்த ஆலைகளிலேயே அலுமினிய வீடு செய்தார்கள். அமெரிக்காவில் லஸ்ட்ரான் என்ற கம்பெனி, எனாமல் பூசிய இரும்புத் தகட்டில் வீடு செய்ய அரசாங்கத்திடம் கோடிக்கணக்கில் கடன் வாங்கியது. சுமார் 2,500 வீடு செய்வதற்குள் 1950-ல் திவாலாகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போன கோன்ராட் வாக்ஸ்மனும் வால்டர் குரோபியஸும் மரப்பலகை வீட்டுக்கு அற்புதமான இணைப்புக் கொக்கி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கொக்கி பிரமாதம், வியாபாரம் படுத்துவிட்டது. நம் ஊர்த் திட்டத்தைத் தனியாக எடுத்துக் கேலி செய்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டெல்லி ஜங்புராவில் அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை அமைந்தது. பிரதமர் நேருவுக்கு இதில் பெரிய ஆர்வம். ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் செய்முறையையும் இயந்திரங்களையும் வாங்கிப் போட்டார்கள். காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட்டில் பெரிய பெரிய சுவர்ப் பலகைகளை வார்ப்பது, அவற்றை லாரியில் ஏற்றி இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. அதுதான் முறை. பேப்பரில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சுவர் லேசு, வெப்பம் உள்ளே வராது, கொத்தனார் வேலை குறைவு.

பலகைகள் விரிசல் விட்டன. மூலைகள் உடைந்தன. நகர்த்தினால் உடைந்தன.

ஜங்புராவின் ஒவ்வொரு பலகையும் எதனால் உடைந்தது என்று 70 வருஷம் கழித்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த மாதிரிப் பொருளுக்குப் பொதுவாக என்னென்ன நோய் வரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மாணவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பரீட்சைக்கு வராது, வேலைக்கு வரும்.

முதலாவது, சுருக்கம். காற்றுக் குமிழிக் கான்கிரீட் காயும்போது சாதாரணக் கான்கிரீட்டைவிட அதிகமாகச் சுருங்கும். அதை அடக்க வேண்டுமானால் ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கருக்குள் வைத்து, சுமார் 180 டிகிரிக்கு மேற்பட்ட நீராவியில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். அப்போது உள்ளே உருவாகும் படிகமே வேறு, சுருக்கம் பல மடங்கு குறைந்துவிடும். இன்று கடைகளில் விற்கும் வெள்ளை ஏஏசி கல் அப்படி வெந்ததுதான். வேகாத சரக்கை டெல்லி போன்ற ஊரில் வெளியே நிறுத்தினால், மே மாத அனலில் சுருங்கி, ஜூலை மழையில் உப்பி, மறுபடி சுருங்கி, இணைப்புகளில் எல்லாம் கோடு விழும். இங்கிலாந்தின் ஈரக்குளிரில் சமர்த்தாக இருக்கும் பலகை இங்கேயும் அப்படி இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டாவதைத்தான் எங்கள் யார்டுக்கு வரும் புதுப் பையன்களிடம் முதல் நாளே சொல்வேன். சுவர் தன் வாழ்நாளில் அதிகமாகக் கஷ்டப்படுவது வீட்டில் நிற்கும்போது அல்ல. படுக்கவைத்து வார்த்த பலகையை மோல்டிலிருந்து பிய்த்துத் தூக்குகிறோமே, அந்த நிமிஷத்தில்தான். நின்றால் மேலிருந்து வரும் பாரம் மட்டும், அதைக் கான்கிரீட் சுகமாகத் தாங்கும். படுத்தபடி தூக்கினால் அது சுவர் அல்ல, ஸ்லாப். வளையும். அடிப்புறம் இழுவிசை. மோல்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிப்பு வேறு கீழே இழுக்கும். கான்கிரீட்டுக்கோ வயசு ஒரு நாள், பலம் பாதிகூட வந்திருக்காது. அப்புறம் லாரி, மேடு பள்ளம், கிரேன் ஆட்டம். லேசான, இழுவிசை தாங்காத பொருளில் செய்த பெரிய பலகையின் மூலை இதில் பிழைப்பதற்குக் கம்பியும் வேண்டும், கணக்கும் வேண்டும், பக்குவமான ஆட்களும் வேண்டும்.

மூன்றாவது, அளவு. இடத்தில் கட்டும்போது தப்பு நேர்ந்தால் மேஸ்திரி பூச்சில் சரிக்கட்டிவிடுவார். யார்டில் ஒரு மோல்டு அரை அங்குலம் தப்பினால் அதில் பிறக்கும் நூறு சுவரும் அரை அங்குலம் தப்பு.

பத்திரிகைகள் விடவில்லை. நாடாளுமன்றத்தில் கேள்விமேல் கேள்வி. அகதிக்கு வீடு வரவில்லை, பணம் போயிற்று, யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கூடாரத்தில் இருந்தவனுக்குச் சுருக்கத்தைப் பற்றியும் இழுவிசையைப் பற்றியும் விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உற்பத்தி நின்றது. 1951-ல் கோனிக்ஸ்பெர்கர் பதவியை விட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய வயதில் மறுபடியும் ஒரு நாட்டை இழந்தார்.

என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்மீது தவறே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. புதுப்பொருள் ஒன்றை ஆயிரக்கணக்கில் செய்வதற்கு முன் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் மாதிரி வீடு ஒன்றை நிற்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும். இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, பலகையைப் பிறகு சோதிப்பது தலைகீழ். அவசரம் காரணம் என்பார்கள். அவசரத்தில் செய்கிற வேலைக்குத்தான் சோதனை அதிகம் வேண்டும். அதே சமயம், அந்த இயக்குநர் எந்த விதிப்புத்தகத்தைப் பிரித்து அந்தப் பலகையை நிராகரித்திருக்க முடியும்? இந்தியத் தர நிறுவனமே 1947-ல்தான் பிறந்தது. ரூர்கியில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையமும் அந்தச் சமயத்தில் தொடங்கியதுதான். இப்படி வார்த்தால் இவ்வளவு சுருங்கலாம், இத்தனை நாளில் தூக்கலாம், இத்தனைக்கு ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த இந்தியப் புத்தகம் ஒன்றுகூட அன்று மேஜையில் இல்லை. விற்பவன் கொடுத்த விளக்கக் காகிதம்தான் விதி. அந்த இடத்தில் நம்மில் யார் உட்கார்ந்திருந்தாலும் என்ன செய்திருப்போம் என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

தொழிற்சாலை சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1953-ல் அது இந்துஸ்தான் ஹவுசிங் பேக்டரி என்ற கம்பெனியாக மாறியது. முழுச் சுவரை விட்டுவிட்டு மின்கம்பம், உத்தரம், கூரைத் துண்டு, ரயில்வே ஸ்லீப்பர் என்று கான்கிரீட்டில் நன்றாக வரக்கூடியதைச் செய்தது. 1978-ல் இந்துஸ்தான் பிரிஃபேப் என்று பெயர் மாற்றம். தலைநகரின் பல கட்டடங்களுக்கு அங்கிருந்துதான் பாகங்கள் போயின.

விதிகள் வந்த கதை தனிக் கதை. முதல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெளியானது 1970-ல். பிறகு 1983, 2005, 2016 என்று திருத்தங்கள். அதில் ஆறாம் பாகத்தில் ஏழாவது பிரிவு முழுக்க முன்வார்ப்புக் கட்டுமானத்துக்கு. அடிப்படை அளவு 100 மில்லிமீட்டர், எல்லாம் அதன் மடங்கில் வரவேண்டும் என்று அது சொல்கிறது. கதவு செய்பவனும் சுவர் செய்பவனும் ஒருவரையொருவர் பார்க்காமலே பொருந்தும்படி வேலை செய்வதற்கு ஏற்பாடு. (இதே கணக்கில்தான் 19 சென்டிமீட்டர் நீள மாடுலர் செங்கல்லும் வந்தது. சாந்தோடு சேர்த்து 20. நம் சேம்பர்க்காரர்கள் இன்னமும் ஒன்பது அங்குலத்தை விடுவதாக இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.) பெரிய சுவர்ப் பலகைகளுக்கென்றே ஐஎஸ் 11447 என்ற விதி 1985-ல் வந்தது. முன்வார்ப்புக் கான்கிரீட் கட்டடங்களுக்கான ஐஎஸ் 15916, 2010-ல் வந்தது. தூக்கும்போதும் ஏற்றும்போதும் நிறுத்தும்போதும் வரும் விசைகளுக்குத் தனியாகக் கணக்குப் போடு என்பது இன்று விதி. ஜங்புராவில் உடைந்த மூலைகள் அந்த வரிகளுக்கு நடுவே இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

வெளிநாட்டு விபத்துகளும் இந்தப் புத்தகத்துக்குள் புகுந்திருக்கின்றன. 1968 மே 16, லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. குடிவந்து இரண்டே மாதம். விடியற்காலையில் 18-ஆம் மாடியில் சமையல் கேஸ் வெடித்தது. வெடிப்பு பெரியதொன்றும் அல்ல, ஆனால் வெளிச்சுவர்ப் பலகை தெறித்து விழுந்தது. அதன்மேல் நின்ற மாடிகளுக்கு ஆதாரம் போயிற்று. அவை விழுந்த அடியில் கீழே உள்ளவையும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை உச்சியிலிருந்து தரைவரை சீட்டுக்கட்டு மாதிரி இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். பலகைகள் நன்றாகத்தான் இருந்தன, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டு போனால் கட்டடமே போகக்கூடாது, குறுக்கிலும் நெடுக்கிலும் மேலிருந்து கீழாகவும் கட்டுக்கம்பி ஓட வேண்டும் என்ற விதி அதன்பின் பல நாடுகளில் வந்தது. நம்முடையதிலும் இருக்கிறது.

அமெரிக்காவின் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே ஆலையில் முழுதாகச் செய்து சக்கரத்தில் இழுத்துவரும் வீடுகள் அதிகம். ஊருக்கு ஒரு கட்டட விதி இருந்தால் ஆலைக்காரன் எதைப் பின்பற்றுவான்? அதனால் 1974-ல் சட்டம் போட்டு, 1976 ஜூன் 15 முதல் நாடு முழுமைக்கும் ஒரே விதி கொண்டுவந்தார்கள். ஆலையிலேயே சோதனை நடக்கும். தேறிய வீட்டின் வெளிப்புறத்தில் சிவப்புத் தகடு ஒன்றை அடித்து அனுப்புவார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் அந்த வீடுகளைத் துவம்சம் செய்த பிறகு, 1994-ல் காற்று வேகத்துக்கான பகுதி கடுமையாக்கப்பட்டது.

புத்தகத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதுமா என்றால், இல்லை. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம். கட்ச் மாவட்டத்தில் அதற்கு ஓரிரு வருஷம் முன்புதான் முன்வார்ப்புப் பலகைகளால் நிறைய ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒரே மாடிதான், அதாவது தரைத்தளம் மட்டும். அவற்றில் பல விழுந்தன. கூரைப் பலகைகள் சுவரோடும் ஒன்றோடொன்றும் சரியாகக் கட்டப்படாமல் சும்மா உட்கார்ந்திருந்தன, ஆட்டத்தில் நழுவி உள்ளே இறங்கிவிட்டன. ஐஎஸ் 11447 வந்து 15 வருஷம் ஆகியிருந்தது. அன்று குடியரசு தினம், வகுப்புகள் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். இரண்டு பலகை சேரும் இடத்தில் கிரவுட் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னால் முகம் சுளிக்கும் தம்பிகளுக்காக இந்தப் பத்தியை எழுதினேன்.

சரி, லண்டன் போன நம்ம ஆள் என்ன ஆனார்?

தோல்வியோடு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சில காலம் ஆராய்ச்சி. 1954-ல் லண்டன் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டடக்கலைக்கென்று ஒரு துறை தொடங்கினார்கள், 1957-லிருந்து அதற்கு இவர் தலைவர். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளின் இளைஞர்கள் அங்கே வந்து படித்தார்கள். 1971-ல் அந்தத் துறை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இடம் மாறி வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு ஆயிற்று. இன்றும் நடக்கிறது.

ஜங்புரா அனுபவம் அவரை எப்படி மாற்றியது என்பதை 1950-களில் கானாவில் பார்க்கலாம். அப்போது அது கோல்டு கோஸ்ட். ஐ.நா. சபை சார்பில் சார்லஸ் ஆப்ரம்ஸ், விளாடிமிர் போதியான்ஸ்கி ஆகியோருடன் போனார். அங்கேயும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தொழிற்சாலை வீட்டுத் திட்டம் பேச்சில் இருந்தது. இந்தக் குழு சொன்ன யோசனையோ ரொம்பச் சாதாரணம். மக்கள் மண்சுவரைத் தாங்களே நன்றாக எழுப்பிக்கொள்கிறார்கள். அவர்களால் முடியாதது கூரை. பணம் இல்லாததால் சுவர் பாதியில் நின்று மழையில் கரைகிறது. ஆகவே கூரைக்கு மட்டும் கடன் கொடுங்கள் என்றார்கள். முழு வீட்டையும் ஆலையில் செய்யப் புறப்பட்டவர், ஏழைக்கு எந்தத் துண்டு கைக்கு எட்டவில்லையோ அதை மட்டும் கொடுத்தால் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையில் ஆகப் பெரிய வேலை இதுதான், புவனேஸ்வர் அல்ல.

1963-ல் ஆப்ரம்ஸ், சுசுமு கோபே ஆகியோருடன் சிங்கப்பூருக்கும் போனார். தீவின் வளர்ச்சிக்கும் நகரப் புதுப்பிப்புக்கும் அவர்கள் கொடுத்த யோசனைகள் அங்கே முக்கியமானவையாகக் கருதப்படுகின்றன. வேடிக்கை என்னவென்றால், 1980-களில் அதே சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முன்வார்ப்பில் பெரிய அளவில் இறங்கி ஜெயித்துக் காட்டியது. 2001-ல் எளிதில் கட்டக்கூடிய வடிவமைப்பைச் சட்டமாகவே ஆக்கினார்கள். இப்போது குளியலறை, ஜன்னல், டைல்ஸ் எல்லாம் முடித்த முழு அறையையே பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்கள். அந்தப் பெட்டிகளை இறக்கிப் பொருத்தும் ஆட்களில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள் எத்தனை பேர்! நம் கல்லூரிக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள், இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும் என்று நம்புகிறேன்.

நம் நூலகப் புத்தகம் வந்தது 1974-ல். உடன் எழுதியவர்கள் இங்கர்சால், மேஹ்யூ, சோகோலே. அதில் உள்ள மஹோனி அட்டவணையை நிரப்பத் தெரிந்தால் போதும். மாத வெப்பநிலை, ஈரப்பதம், மழை இவற்றை எழுதிக்கொண்டே போனால் கடைசியில் கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், ஜன்னல் எவ்வளவு, கூரை எடை குறைந்ததா கூடியதா என்று அதுவே சொல்லிவிடும். சென்னை கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றும் நிழலும் இல்லாமல் இங்கே எந்தக் கூரையும் உதவாது என்று வரும். அதைக் கண்ணால் பார்க்க 2020 மே மாதம் நம் ஊருக்கே வாய்ப்பு வந்தது. கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் திருமழிசைத் துணைநகரத்துக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு மாற்றினார்கள். சில நாளில் எழுந்த தற்காலிகக் கொட்டகைகள். அவ்வளவு வேகமாகப் போட்டதற்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும். ஆனால் வெயிலில் கீழே நிற்க முடியாது, மழை பெய்தால் சேற்றில் லாரி புதையும். செப்டம்பர் இறுதியில் சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பியது. தற்காலிகம்தானே என்று நாம் சொல்லும் இடத்தில்தான் மூட்டை தூக்குகிறவர் நாள் முழுக்க நிற்கிறார்.

இன்று பெரும்பாக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மத்திய அரசின் கலங்கரை விளக்கத் திட்டத்தில் 1,152 வீடுகள், முழுக்க முன்வார்ப்பு, தரைத்தளமும் ஐந்து மாடியும். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே 26-ல் திறப்பு. கட்டும்போதே மாணவர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதைத் திறந்த பயிற்சிக்கூடமாக வைத்திருந்தார்கள். நாட்டுக்குப் புதிதாக வரும் எந்தக் கட்டுமான முறையையும் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்க 1990-லிருந்து கட்டடப் பொருள், தொழில்நுட்ப மேம்பாட்டுக் கவுன்சில் இருக்கிறது. விற்பவன் காகிதத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டிய நிலை ஒரு வீட்டுவசதி இயக்குநருக்கு இன்று இல்லை. சான்றுக்கு ஆகும் மாதங்களைப் பற்றி எங்கள் தொழிலில் புலம்பாத ஆள் இல்லை. நானும் புலம்பியிருக்கிறேன்.

கோனிக்ஸ்பெர்கர் 1978-ல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகும் குடியிருப்பு பற்றிய சர்வதேச ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே இருந்தார். 1999 ஜனவரி 3 அன்று லண்டனில் காலமானார். வயது 90. அவர் எழுதிய புத்தகத்தின் பிரதி நம் நூலகத்தில் சிவில் அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது, முதுகு கிழிந்து, மஹோனி அட்டவணைப் பக்கங்களில் மட்டும் நிறைய பென்சில் கோடுகளோடு. இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது போய்த் தேடிப் பாருங்கள்.